ஏற்காட்டு இறக்கமும் தடுப்பியின் வெம்மையும்

ஓடும் ஊர்தியின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக மாற்றி, அவ்வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கும் கருவியே தடுப்பி. பிரேக் என்று நாள்தோறும் நாம் வழங்கும் அப்பொருளை ‘நிறுத்தும் கருவி’ என்று மட்டும் கொள்வது குறைவிளக்கம். ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது. ஆதலால் ஒரு தடுப்பியின் திறனை மதிப்பிடுவோர், அது எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதோடு, எவ்வளவு வெப்பத்தைத் தாங்குகிறது, எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பவற்றையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

தடுப்பியின் இவ்வெப்பக் கணக்கைச் சேலத்தை அடுத்த ஏற்காட்டு மலையிறக்கத்தில் வைத்துப் பார்ப்போம்; முதலில் பெயர்கள். 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். எத்துறைச் சொல்லுக்கும் தமிழில் வேர் உண்டு என்று வாழ்நாளெல்லாம் வாதிட்ட அவர் வாழ்ந்த நகரைப் பற்றி எழுதுங்கால், பட்டறையின் பொருள்களுக்கும் தமிழ்ப்பெயர் இட்டு எழுதுவதே முறை. சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் உராய்வுக்கட்டைகள் கவ்வுவது தட்டுத்தடுப்பி (டிஸ்க்). சுழலும் கிண்ணத்தின் உட்சுவரை வளைந்த கட்டைகள் உள்ளிருந்து அழுத்துவது கிண்ணத்தடுப்பி (டிரம்). தட்டு வெளிக்காற்றில் நிற்பதால் விரைந்து ஆறும். கிண்ணம் மூடியிருப்பதால் வெம்மையைத் தன்னுள்ளே தேக்கும். இவ்விரண்டையும் சாராது, எரிபொருள் ஊட்டம் குறைந்த நிலையில் பொறியே சக்கரங்களைப் பின்னிழுக்கும் பொறித்தடை மூன்றாம் வகை.

இனி ஊர்தி. மகிழுந்தின் ஒற்றைக் கூட்டுடலும், மலையூர்தியின் (எஸ்யூவி) உயர்ந்த மேனியும் ஒருங்கே பெற்ற இடைநிலை ஊர்தியை உயர்மேனி மகிழுந்து (கிராஸ்ஓவர்) என்போம். வார இறுதிகளில் அஸ்தம்பட்டி வழியே கோரிமேட்டைக் கடந்து ஏற்காட்டு அடிவாரம் நோக்கி விரையும் வரிசையில் இவ்வகை ஊர்திகளைக் காணாத நாளில்லை. இவற்றை வாங்கியோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றே: “வண்டி பெரியதாயிற்றே, பிரேக் போதுமா?”

அக்கேள்வியின் முற்பகுதிக்கு இயற்பியல் தரும் விடை வியப்பானது. எடை மிகுந்தால் நிறுத்துதற்கு வேண்டிய விசை மிகும். ஆயின் அதே எடை டயரைச் சாலையில் அழுத்துவதால் பிடிப்பும் அதே அளவிற்கு மிகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, கணக்கிலிருந்து எடையே நீங்கிவிடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி, உலர்ந்த நல்ல சாலையில், சிறியதாயினும் பெரியதாயினும் ஏறத்தாழ 32 மீட்டரில் நிற்கும். ஓட்டுநர் உணர்ந்து மிதிக்கும் ஒரு நொடியில் ஓடிவிடும் 22 மீட்டர் இதனின் வேறு.

உயரத்தின் கணக்கு அவ்வாறன்று. தடுப்பியை மிதித்தவுடன் ஊர்தி முன்னோக்கிக் குனிகிறது. பின்சக்கரங்களின் சுமை முன்சக்கரங்களுக்குப் பெயர்கிறது. பொருண்மை நடுவம் தரையினின்று 55 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள தாழ்ந்த மகிழுந்தில், கடுமையாக மிதிக்குங்கால் மொத்த எடையில் 17 விழுக்காட்டளவு இங்ஙனம் பெயருமாயின், நடுவம் 68 சென்டிமீட்டருக்கு உயர்ந்த ஊர்தியில் அது 21 விழுக்காட்டை எட்டும். இறக்கத்தில் இன்னும் கூடும். பின்சக்கரங்கள் இலேசாகிப் பிடிப்பை இழக்க, வேலையின் பெரும்பங்கும் அதனோடு வெம்மையின் பெரும்பங்கும் முன்தட்டுகளின் மேல் விழுகின்றன.

அந்த வெம்மை எவ்வளவு? ஐவரும் அவர்தம் மூட்டைகளும் ஏறிய உயர்மேனி மகிழுந்து 1700 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் அதன் இயக்க ஆற்றல் 4,20,000 ஜூல். ஏற்காடு சேலத்தினும் ஏறத்தாழ 1200 மீட்டர் உயர்ந்தது. அவ்வுயரத்தினின்று இறங்கும் அதே ஊர்தி கழிக்க வேண்டிய நிலையாற்றல் 2 கோடி ஜூல். 80 கிலோமீட்டர் விரைவினின்று 48 முறை முழுதாக நிறுத்துவதற்கு ஈடான ஆற்றல் இது! இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மெல்ல ஊர்ந்தே இறங்கினும் இத்தொகை குறையாது. தடுப்பிகளின் இரும்பு மொத்தம் 40 கிலோகிராம் என்று வைத்து, ஆற்றல் முழுதும் அவ்விரும்பிலேயே தேங்குவதாகக் கணக்கிட்டால், வெப்பநிலை 1000 பாகையைத் தாண்டும். சாலையில் உருள்வதனாலும் காற்றின் எதிர்ப்பாலும் ஒரு பங்கு கழிவதாலும், இரும்பு இடையறாது ஆறுவதாலுமே நாம் பிழைக்கிறோம். மாலையில் அடிவாரத்தில் நின்றிருக்கும் ஊர்திகளினின்று எழும் கருகிய வாடை, அவ்விரும்பு பட்ட பாட்டை மூக்கிற்குச் சொல்லும்.

வெம்மை எல்லை கடந்தால் விளைவது தடைத்தளர்வு. அது இருவகைப்படும். உராய்வுக்கட்டையைப் பிணைக்கும் பிசின் மிகுசூட்டில் சிதைந்து வளியை உமிழ, கட்டைக்கும் தட்டுக்கும் இடையே உராய்வு குன்றுவது முதல்வகை. இதில் மிதி கல்போல் இறுகியிருக்கும், ஊர்தி மட்டும் நில்லாது. மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் தடுப்பி நீர்மம், அதாவது பிரேக் ஆயில், கொதித்து ஆவிக்குமிழ் கொள்வது இரண்டாம் வகை. நீர்மம் அமுங்காது, ஆவி அமுங்கும், ஆதலால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். இந்நீர்மம் ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்பினது. ‘டாட் 4’ வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதியாது. ஈரம் ஏறிய பின் அவ்வெல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். ஈராண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வதன் பொருள் இதுவே. வாங்குவோர் கூட்டின் வண்ணத்தையும் திரையின் அகலத்தையும் உசாவுகின்றனர். நீர்மத்தின் அகவையை உசாவுவார் அரியர் என்பது எனக்கு மெய்யான வருத்தம்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய மகிழுந்துகளுக்குப் பூட்டுத்தவிர்ப்பி (ஏபிஎஸ்) கட்டாயமாயிற்று. சக்கரம் சுழற்சி இழந்து வழுக்காதபடி காத்து, மிதித்த நிலையிலும் ஊர்தியைத் திருப்ப இடந்தரும் அக்கருவி போற்றத்தக்கது. ஆயினும் அது பிடிப்பை ஆளுமேயன்றி வெப்பத்தை ஆளாது.

வெப்பத்தை ஆள்வது பொறித்தடை. “எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு” என்று நாமக்கல், சங்ககிரிச் சுமையுந்து ஓட்டுநர்கள் இளையோர்க்குச் சொல்லிவைப்பது இக்கோட்பாட்டின் பிழிவு. தாழ்ந்த பல்லிணையில் (கியரில்) பொறி விரைந்து சுழன்று, கீழிழுக்கும் ஆற்றலில் பெரும்பங்கைத் தானே விழுங்கும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பல்லிணையை விடுத்து நியூட்ரலில் இறங்குவோர், பொறி விழுங்கவேண்டிய அப்பங்கையும் தட்டுகளின் தலையிலேயே ஏற்றுகின்றனர். தானியங்கிப் பல்லிணை உடைய ஊர்திகளிலும் தாழ்நிலையைக் கையால் தெரிந்துகொள்ள வழியுண்டு.

மின்னூர்திகளோ இவ்வாற்றலை வெப்பமாக வீணாக்காது, மின்னோடியையே (மோட்டார்) மின்னாக்கியாக மாற்றி மின்கலத்தில் மீட்டுக்கொள்கின்றன. ஏற்காட்டு இறக்கத்தின் 2 கோடி ஜூல் என்பது ஐந்தரை அலகு மின்சாரம். அதில் பாதி மீண்டாலும் சேலத்தில் பல கிலோமீட்டர் ஓடலாம். ஆனால் மலைமேல் இரவெல்லாம் மின்கலத்தை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு விடியலில் இறங்குவோர்க்கு, மீட்ட மின்னை வாங்க மின்கலத்தில் இடம் இராது. முதல் வளைவுகளில் அவ்வாற்றல் பழையபடி இரும்புத் தட்டுகளுக்கே போய்ச்சேரும்.