இறால் குளங்களில் நீர் நிர்வாகம்

கடலூர் ஜில்லாவின் கடலோரம் ஆறுகள் கடலோடு கலக்கும் பிரதேசமாகும். கெடிலமும் உப்பனாறும் கடலூரிலும், வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும், கொள்ளிடம் ஜில்லாவின் தென்னெல்லையிலும் சமுத்திரத்தை அடைகின்றன. வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, சிதம்பரத்திற்குக் கிழக்கே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் பிச்சாவரம் சதுப்புக் காடு அமைந்துள்ளது. இப்பகுதியின் உப்பங்கழிகளை அடுத்து இறால் குளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.

இக்கழிகளின் நீர் எவர் ஒருவருக்கும் தனியுரிமையானதன்று. பண்ணைக்காரர் அதையே குளத்திற்கு இறைக்கின்றனர். வலைஞர் அதிலேயே வலை வீசுகின்றனர். பிச்சாவரத்து இருளர் குடும்பத்தினர் அதில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து ஜீவனம் செய்கின்றனர். கழியை ஒட்டிய நிலங்களிலோ நெல் விளைகிறது. ஆகையால் ஒரு குளத்தின் நீரை எவ்வாறு கையாள்வது என்பது அக்குளத்துச் சொந்தக்காரரின் லாப நஷ்டத்தோடு முடிந்துவிடும் விஷயமன்று.

முன்னர் நடந்தவை

1990-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இறால் குளங்கள் அவசரமாகப் பெருகின. கழிவு நீர் கழிகளில் விடப்பட்டது. உப்பு நீர் கசிந்து வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் கெட்டன என்று பல கிராமத்தார் முறையிட்டனர். 1994-95-ல் வெண்புள்ளி நோய் என்னும் வைரஸ் நோய் பரவி, பல பண்ணைகளில் போட்ட முதலும் திரும்பாமற் போயிற்று. தமிழ்நாட்டுச் சர்வோதய ஊழியரான எஸ். ஜகந்நாதன் 1994-ல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்கு மண்டலத்திற்குள் அமைந்த குளங்களில், பரம்பரை முறையையும் அதன் சீர்திருத்திய முறையையும் சேர்ந்தவை நீங்கலாக, ஏனையவற்றை அகற்றும்படி அத்தீர்ப்பு கட்டளையிட்டது. விளைநிலம், உப்பளம், சதுப்புக் காடு, கிராமப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றலாகாதென்றும் விதித்தது.

பின்னர் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. 2023-ல் அது திருத்தப்பட்டது. இச்சட்டத்தின்படி பண்ணைகள் பதிவு செய்யப்படுதல் வேண்டும். 2009-ல் வனாமி என்னும் அயல்நாட்டு வெள்ளை இறாலை வளர்க்க அனுமதி கிடைத்தபின், இத்தொழில் மீண்டும் தழைத்தது. ஆனால் நீரைப் பற்றிய பழைய பிரச்சினை நீங்கியதென்று எண்ணலாகாது.

நீர் கெடுவதன் காரணம்

இறாலுக்கு இடும் தீவனம் முழுவதும் இறாலாக மாறுவதில்லை. ஒரு டன் இறால் விளைவிக்க ஏறக்குறைய ஒன்றரை டன் தீவனம் செலவாகிறதென்று வைத்துக்கொள்வோம். தீவனத்தில் நூற்றுக்கு 35 பங்கு புரதம் இருக்குமாயின், அதில் அடங்கிய நைட்ரஜன் சுமார் 84 கிலோ. அறுவடையாகும் இறாலின் உடலில் சேருவது அதில் சுமார் 29 கிலோ மாத்திரமே. எஞ்சிய 55 கிலோவும் தின்னாத தீவனமாகவும் எச்சமாகவும் அம்மோனியாவாகவும் குளத்திலேயே தங்கிவிடுகிறது. இது சுமார் 120 கிலோ யூரியாவில் உள்ள நைட்ரஜனுக்குச் சமம். வயலுக்கு அளவறிந்து உரமிடும் குடியானவர், ஒவ்வொரு டன் இறாலுக்கும் இவ்வளவு உரத்தைக் கழியிற் கொட்டுவது தகுமா என்று யோசித்துப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே நீர் நிர்வாகத்தின் முதற்படி தீவன நிர்வாகமேயாம். குளத்தில் நாலைந்து இடங்களில் தட்டுகளை இறக்கி, தீவனம் இட்டபின் குறித்த நேரத்தில் தூக்கிப் பார்த்தல் வேண்டும். தட்டில் தீவனம் மிகுந்திருந்தால் அடுத்த வேளை அளவைக் குறைக்க வேண்டும். மேகமூட்டமான நாட்களிலும், இறால் தோல் கழற்றும் சமயத்திலும் அது குறைவாகவே தின்னும். தீவனத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிலோவும் பணத்தையும் காக்கும், நீரையும் காக்கும்.

நீரை உட்கொள்ளும் முறை

முற்காலத்தில் தினந்தோறும் குளத்து நீரில் பத்திலொரு பங்கை வெளியேற்றிப் புது நீர் விடுவது வழக்கமாயிருந்தது. ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளம் 10,000 கன மீட்டர் நீர் கொள்ளும். நாளொன்றுக்குப் பத்திலொரு பங்கு மாற்றினால், 100 நாட்களில் 1,00,000 கன மீட்டர், அதாவது குளத்தைப்போற் பத்து மடங்கு நீர், இறைக்கப்படுகிறது. எஞ்சின் செலவு ஒருபுறம் இருக்க, இறைக்கும் ஒவ்வொரு தடவையும் அண்டைப் பண்ணையின் கழிவும் நோய்க் கிருமியும் உள்ளே வர வழி திறக்கிறது.

இதற்கு மாறாக, நீரை முன்கூட்டியே ஒரு தேக்கக் குளத்தில் நிரப்பிச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு, ஆவியாகிக் குறையும் அளவுக்கு மாத்திரம் வளர்ப்புக் குளத்தில் சேர்ப்பதே உத்தமம். கடல் ஏற்றத்தின்போது, கழியில் புது நீர் வந்தபின் இறைக்க வேண்டும். நெருக்கமான வலைப்பையின் வழியாக வடிகட்டினால் காட்டு இறாலும் நண்டும் மீன் முட்டையும் உள்ளே புகா. பிறகு பத்து லட்சம் பங்கு நீருக்கு 60 பங்கு வீதம் பிளீச்சிங் பவுடர் கலத்தல் வழக்கம்; மேற்கூறிய குளத்தளவு நீருக்கு இது 600 கிலோவாகும். சில நாட்கள் வெயிலில் விட்டு, குளோரின் முற்றும் அகன்றதைச் சோதித்தறிந்த பின்னரே அந்நீரை வளர்ப்புக் குளத்தில் விடலாம்.

குளத்து நீரைப் பேணுதல்

நீரின் ஆழம் ஒரு மீட்டருக்கு மேல் இருத்தல் நலம். ஆழமற்ற நீர் பகலில் சூடேறி இரவில் விரைந்து குளிரும். நீர் இளம்பச்சையாயிருப்பது நன்று. கறுப்பும் வெளுப்பும் பூசிய வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அது கண்ணுக்கு மறைய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிகுதியென்று அறிக.

பாசி பகலில் பிராணவாயுவைத் தரும். இரவில் அதுவே பிராணவாயுவை உட்கொள்ளும். ஆகையால் விடியுமுன் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழ் அது இறங்கவிடலாகாது. துடுப்புச் சக்கர ஏரேட்டர்களை இரவின் பிற்பகுதியில் நிறுத்துவது ஆபத்து. பி.எச். என்னும் கார அமில அளவு 7.5-க்கும் 8.5-க்கும் நடுவே இருத்தல் வேண்டும். காலையிலும் பிற்பகலிலும் அதைச் சோதித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை அளவுக்கு மேற்படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எச். உயர உயர அம்மோனியாவின் விஷம் அதிகரிக்கும். இவ்வளவுகளை நாள்தோறும் ஒரு புத்தகத்தில் குறித்து வருபவருக்கு, இறால் மிதப்பதற்கு முன்பே நீர் எச்சரிக்கை செய்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இஜ்ஜில்லாவில் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். குளத்தின் உப்புத் தன்மை திடீரென்று குறைவதும், வெள்ளத்தில் கரை உடைவதும் அக்காலத்தில் நேரும். அதற்கு முன்பே அறுவடை முடியும்படி இருப்புச் செய்வது விவேகம்.

நீரை வெளியேற்றும் முறை

அறுவடையின்போது முதலில் வடியும் மேல் நீர் ஓரளவு தெளிந்திருக்கும். அடியிலுள்ள கடைசி ஐந்திலொரு பங்கு நீரிலேயே சேறும் எச்சமும் பெரும்பாலும் அடங்கியுள்ளன. இதை நேரே கழியில் விடுவதுதான் பெருங்கேடு. 2005-ம் ஆண்டுச் சட்டத்தைச் சார்ந்த வழிகாட்டு நெறிகள், 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் தங்கள் குளப்பரப்பில் பத்திலொரு பங்கையேனும் கழிவு நீர்ச் சுத்திகரிப்புக்கு ஒதுக்குமாறு கூறுகின்றன. வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. பிராணவாயு 3 மில்லிகிராமுக்குக் குறையலாகாது.

சுத்திகரிப்புக் குளத்தின் முதற் பகுதியில் நீர் அசையாமல் நின்று வண்டல் படிய வேண்டும். அடுத்த பகுதியில் ஆளி, மடவை, பால் கெண்டை, கடற்பாசி முதலியவற்றை வளர்க்கலாம். ஆளி நீரை வடித்து நுண்பாசியை உண்ணும். கடற்பாசி நைட்ரஜனை உறிஞ்சும். ஆளிப் படுகைகள் வெள்ளாற்றுக் கழிமுகத்திலேயே உண்டு. இவ்வாறு கழிவே இரண்டாவது விளைச்சலுக்கு உணவாகிறது. குளத்தடிச் சேற்றை வெயிலில் வெடிக்க உலர்த்திச் சுரண்ட வேண்டும். அது உப்பேறியதாகையால் வயலிலோ கழியிலோ கொட்டலாகாது.

நோய் கண்ட குளத்தின் நீரை எக்காரணத்தாலும் உடனே வெளிவிடலாகாது. குளோரின் கலந்து சில நாட்கள் நிறுத்தி, அண்டைப் பண்ணைகளுக்கு அறிவித்த பின்பே திறக்க வேண்டும். இரகசியமாகத் திறக்கும் ஒரு மதகு கழி முழுவதையும் பாழாக்க வல்லது.

சங்கத்தின் கடமை

பிச்சாவரத்துக் காட்டில் ஒரு பகுதி அழிந்ததற்கு நீர் ஓட்டம் தடைப்பட்டதே காரணமென்று ஆராய்ச்சியாளர் கண்டனர். மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, அங்கே தேங்கிய நீரில் உப்பு முற்றியது. 1990-ம் ஆண்டுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் வாய்க்கால் வெட்டிக் கடல் ஏற்றம் உள்ளே சென்று மீள வழி செய்து, கன்றுகளை நட்டபின் காடு மீண்டும் தளிர்த்தது. அப்பணியில் கிராமத்தாரும் சேர்ந்து உழைத்தனர். நீர் வழியைச் சீர்ப்படுத்துவது தனி மனிதரால் ஆகும் காரியமன்று என்பதற்கு இது அண்மையிலுள்ள சான்று.

ஒரே கழியை நம்பிய பண்ணைக்காரர் ஒரு சங்கமாகக் கூடினால் பல காரியங்கள் எளிதாகும். எந்நாளில் யார் இறைப்பது, எந்நாளில் யார் வடிப்பது என்று முறை வைக்கலாம். அனைவரும் ஒரே வாரத்தில், வைரஸ் சோதனை செய்யப்பட்ட குஞ்சுகளை இருப்புச் செய்யலாம். சோதனைக் கருவிகளைப் பொதுவில் வாங்கலாம். தனித்தனியே சுத்திகரிப்புக் குளம் அமைக்க நிலமில்லாத சிறு பண்ணைக்காரர் பொதுக் குளம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். இந்நோக்கத்துடனேயே 2007-ல் சிறு இறால் விவசாயிகளைச் சங்கங்களாகத் திரட்ட ஒரு தேசிய மையம், கடற்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ஆதரவில் நிறுவப்பட்டது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், 1987-ல் சென்னையில் தொடங்கிய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் ஆலோசனைக்கு அருகிலேயே உள்ளன.

சென்னை மாகாணத்தில் நாணயச் சங்கங்களுக்கு வழி கூறும் அறிக்கையை 1895-97-ல் எழுதிய ஸர் பிரெடெரிக் நிக்கல்சனே, 1905 முதல் இம்மாகாணத்து மீன்தொழில் ஆராய்ச்சிக்கும் தலைமை வகித்தார். கூட்டுறவும் மீன்தொழிலும் இந்நாட்டில் ஒருவர் கையினாலேயே வளர்ந்தமை அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது. கடனைத் திருப்பிச் செலுத்துவதில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது சங்கத்தின் ஆதி தர்மம். கழியிலிருந்து எடுத்த நீரை எடுத்தபடியே சுத்தமாகத் திருப்பிச் செலுத்துவதும் அத்தகைய கடனேயாகும். ஒருவர் தவறினாலும் அனைவரும் நஷ்டமடைவர். அனைவரும் முறை தவறாதிருப்பின், குளத்தில் இறாலும் கழியில் மீனும் வயலில் நெல்லும் ஒருங்கே விளையும்.