தார் சுற்றும் கைகள்

அம்மாவை நான் முதன்முதலில் வரைந்தபோது தாளில் விழுந்தவை அவள் கைகள் மட்டும்தான். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போன சாயங்காலம் அது. காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மா தார் சுற்ற, அதாவது தறிக்கு ஊடை இழையைக் குச்சியில் சுற்ற, உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கை ராட்டையைச் சுற்றியது. பட்டு இழையைப் பிடித்திருந்த இடது கை விரல்கள் மட்டும் என்றைக்கும் இல்லாதபடி இறுகியிருந்தன. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த விரல்களை வரைந்தேன்.

"இதைப் போய் ஏண்டி வரையறே?" என்றாள். பிறகு நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் துக்கம் என்றால் பலரும் கன்னத்தில் ஒரு கண்ணீர்த் துளியை வரைந்துவிடுகிறார்கள். எனக்கு அது பொய்யாகப் படுகிறது. எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் எதிரில் அழுவதில்லை. துக்கம் கழுத்து நரம்பில் தெரியும், முந்தானையை இழுத்துச் செருகும் வேகத்தில் தெரியும்.

இந்தத் துக்கத்தை வரையப் பென்சில்தான் தோது. உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் கோடு வெளிறும், அது 'எச்' வகை. கிராஃபைட் கூடினால் கறுக்கும், அது 'பி'. உருவத்துக்கு எச்பி, கண்ணடி நிழலுக்கு 4பி, கூந்தலின் இருட்டுக்கு 6பி எடுப்பேன். விரலால் தேய்க்க மாட்டேன். தேய்த்தால் உழைத்த தோல் பொம்மைத் தோலாகிவிடும்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுற்றிலுள்ள சிற்றறைகளில் 1,300 ஆண்டுக்கு முந்தைய பல்லவர் ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. அவற்றை 1931-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டெடுத்தார். சோமாஸ்கந்தர் ஓவியத்தில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆனால் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் உமையைக் கோடுகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. அங்கே போகும்போதெல்லாம் கோட்டின் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

கோட்டை நம்பிய இன்னொருவர், ஜெர்மனியின் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945). பெர்லினில், மருத்துவரான கணவரிடம் வைத்தியத்துக்கு வந்த ஏழைப் பெண்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். 1914 அக்டோபரில் இளைய மகன் பீட்டர் 18 வயதில் போரில் இறந்தான். அவனுக்காக அவர் செய்த நினைவுச் சிற்பம் பெல்ஜியத்தில் 1932-ல்தான் நிறுவப்பட்டது. அதில் தாய் மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். அந்த முதுகின் வளைவே எனக்குப் போதும்.

உங்கள் அம்மா கீரை ஆயும்போது ஒரு பென்சிலோடு எதிரே உட்காருங்கள். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கைகளை வரையுங்கள்.