சிறுதேர் முதல் யாழ்தேவி வரை

பாரிசு நகரில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் பெரிய கடைகளுக்குச் செல்வோர், ஒரு மூலையில் வானூர்திகள், பாய்க்கப்பல்கள், புகையிரத இயந்திரங்கள் முதலியவற்றின் வண்ணப் படங்களைத் தாங்கிய அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். பெட்டியைத் திறந்தால் உள்ளே வானூர்தியும் இராது, கப்பலும் இராது. பிளாஸ்ரிக் சட்டங்களில் ஒட்டியபடி நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகளும் ஒரு விளக்கத் தாளும் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, அராவி, பசையிட்டு ஒட்டி, வண்ணம் பூசி முடிக்கப் பல வாரங்கள் செல்லும். இதனைப் பிரெஞ்சு மொழியில் ‘மக்கெற்’ என்கின்றனர். நாம் அளவு மாதிரி என்போம்.

இப்பெட்டிகளைச் சிறுவர்களே வாங்குவர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அம்மூலையில் நீண்ட நேரம் நிற்போரைக் கவனித்தால் அவர்களுட் பலர் தலை நரைத்தவர்கள் என்பது புலப்படும். தாம் பத்து வயதில் கட்டிய அதே வானூர்தியை அதே படம் போட்ட பெட்டியில் மீண்டும் காணும்போது அவர்கள் முகம் மலர்கிறது. இதனை அறிந்தே நிறுவனங்களும் பழைய அச்சுகளைத் தேடியெடுத்துப் பழைய பெட்டிப் படத்துடன் மறுபடியும் வெளியிடுகின்றன. கடந்துபோன காலத்தின் மீதுள்ள ஏக்கம் இங்கே ஒரு வணிகப் பொருளாகவும் விளங்குகின்றது.

இவ்வேக்கத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ‘நொஸ்ரல்ஜி’. 1688 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யொகானஸ் ஹோபர் என்பவர், வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இச்சொல்லை ஆக்கினார். ஊரை விட்டுத் தொலைவில் வாழ்ந்தோர் உண்ணாமலும் உறங்காமலும் மெலிவதை அவர் ஒரு நோயாகவே கண்டார். பின்னர் பிற நாட்டுப் படைகளில் கூலிக்குப் பணிபுரிந்த சுவிற்சர்லாந்துப் படைவீரரிடம் இந்நோய் காணப்படுவதாக மருத்துவர் எழுதினர். மருத்துவர்கள் இன்று இதனை நோய்ப் பட்டியலில் சேர்ப்பதில்லை. லாச்சப்பலில் மாலை வேளையில் தேநீர்க் கடை வாசலில் நிற்கும் எம்மவரைக் கண்டால் ஹோபர் என்ன எழுதியிருப்பாரோ, நாம் அறியோம்.

பெரியதைச் சிறியதாகச் செய்து மகிழும் பழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிற்றில் என்பது சிறுமியர் மணலிற் கட்டும் சிறு வீடு. சிறுதேர் என்பது சிறுவன் இழுத்துச் செல்லும் விளையாட்டுத் தேர். பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிறுதேர் உருட்டும் பிள்ளை, நாளை தான் ஏறப்போகும் தேரை நோக்கி ஓடுகிறான். ஐம்பது வயதில் அளவு மாதிரி கட்டுபவர் தாம் இறங்கிவிட்ட தேரைத் திரும்பிப் பார்க்கிறார்.

பெட்டியில் வரும் மாதிரிகளின் வரலாற்றில் எம்போன்றோருக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. உலகெங்கும் பெயர் பெற்ற ‘எயார்பிக்ஸ்’ நிறுவனத்தை 1939 இல் இங்கிலாந்தில் தொடங்கியவர் நிக்கொலஸ் கோவ் என்னும் அங்கேரி நாட்டு யூதர். நாடு விட்டு நாடு அலைந்து, இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னரே இலண்டனை அடைந்தவர். அந்நிறுவனம் 1952 இல் ‘கோல்டன் ஹைன்ட்’ என்னும் பழைய ஆங்கிலேயக் கப்பலின் சிறு மாதிரியை மலிவு விலையில் விற்றது. பின்னர் ‘ஸ்பிற்பயர்’ போர் வானூர்தி வந்தது. ஆங்கிலேயச் சிறுவர் ஒரு தலைமுறை முழுவதும் தம் நாட்டுப் பெருமையை ஓர் அகதி தொடங்கிய நிறுவனத்தின் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினர்! பிரான்சில் 1957 இல் தோன்றிய ‘எலேர்’ நிறுவனம் பதினான்காம் லூயி மன்னனின் ‘சொலெய் ருவாயால்’ கப்பலை நூறில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டுப் புகழ் பெற்றது.

அவரவர் ஏக்கத்துக்கு அவரவர் பெட்டி கிடைக்கின்றது. எமக்கு?

எமது ஏக்கத்துக்குப் பெட்டி இல்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, ‘புளொரன்ஸ் சி. றொபின்சன்’ எனத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். எம்மவர் செலுத்திய அக்கப்பல் 1938 ஆகஸ்ட் 1 ஆம் நாள் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இச்செய்தியை மேடைகளில் முழங்குகிறோம். ஆனால் அதன் பாய்மரம் எத்தனை அடி உயரம் என்று ஒரு மாணவன் கேட்டால் விடை சொல்வார் அரிது. மன்னனின் கப்பலுக்கு விளக்கத் தாள் உண்டு. வல்வெட்டித்துறைக் கப்பலுக்கு நாமே தாள் எழுத வேண்டும்.

பெட்டி இல்லாமை ஒரு குறைதான். ஆயினும் அக்குறையே எமக்கு ஆசிரியனாகவும் அமைந்தது என்பதை இவ்வாண்டு எமது உயர் வகுப்பு மாணவருடன் யாழ்தேவியைக் கட்ட முனைந்தபோது கண்டோம்.

லாச்சப்பல், வட நிலையத்துக்கும் கிழக்கு நிலையத்துக்கும் செல்லும் இரு பெரும் புகையிரதப் பாதைகளுக்கு இடையே அமைந்த இடம். இங்கு வளரும் பிள்ளைக்குப் புகையிரதம் புதுமையன்று. எனவே கடையில் விற்கும் தண்டவாளத்தை வாங்கி, அதன்மேல் அட்டையாற் செய்த பெட்டிகளை வைத்தால் யாழ்தேவி வந்துவிடும் என்று மாணவர் எண்ணினர். அளந்து பார்த்தபோதுதான் சிக்கல் புலப்பட்டது. ஐரோப்பாவில் தண்டவாளங்களின் இடைவெளி பெரும்பாலும் 1435 மில்லிமீற்றர். இலங்கையின் அகலப் பாதையில் அது ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். கடையில் விற்கும் மாதிரிகள் 87 இல் ஒரு பங்கு அளவின. அவற்றின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். எமது பாதையை அதே அளவிற் சுருக்கினால் 19.3 மில்லிமீற்றர் வருகின்றது. வேறுபாடு மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு. “யார் பார்க்கப் போகிறார்கள், சேர்?” என்றான் ஒருவன். ஒருவரும் பாரார் என்பது உண்மையே. ஆனால் அந்த வண்டி பாரிசிலிருந்து லீல் நகருக்குப் போகும், காங்கேசன்துறைக்குப் போகாது. ஆகவே மரக் குச்சிகளைச் சிலிப்பர் கட்டைகளாக வெட்டிப் பாதையை நாமே அமைத்தோம்.

பாதை அமைக்கும்போது வரலாறு தானாக வந்தது. யாழ்தேவி முதன்முதலில் ஓடியது 1956 ஏப்ரில் 23 ஆம் நாள். அக்காலத்தில் கொழும்புத் திட்ட உதவியாகக் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டிருந்தன. எமது உறவினர் பல்லாயிரவர் பின்னாளிற் குடியேறிய ஒன்ராறியோவின் பெயரைத் தாங்கிய இயந்திரம் அதற்கு மூன்று பத்தாண்டுகள் முன்னரே இலங்கையில் ஓடியது என்று அறிந்து மாணவர் வியந்தனர். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்ரோபர் 13 ஆம் நாளே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. தான் வெட்டிய குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, “இதன் கீழேதான் அம்மா இருந்தாரா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று பாடம் அதற்குமேற் செல்லவில்லை.

பெட்டிகளின் நிறம் பற்றிப் பெற்றோரிடையே எழுந்த விவாதம் இரண்டு சனிக்கிழமைகள் நீடித்தது. செங்கபிலம் என்றார் ஒரு தந்தையார். வெள்ளி நிறம் என்று அடித்துச் சொன்னார் மற்றொருவர். விசாரித்தபோது இருவரும் பயணம் செய்த காலங்கள் வேறு என்று தெரியவந்தது. ஏக்கத்திடம் ஆண்டைக் கேட்டால் அது தடுமாறும். எந்த ஆண்டின் யாழ்தேவி என்பதை முடிவு செய்யாமல் தூரிகையை எடுக்க முடியாது. அளவு மாதிரியின் கண்டிப்பு இது. கவிதைக்கு இக்கண்டிப்பு இல்லை. பழைய மாணவர் சங்கப் பேச்சுக்கும் இல்லை.

வீடுகளைக் கட்டிய பிரிவிலோ இதனினும் கடினமான வேலை. ஒரு தாயார் 1990 இல், தமது பதினோராவது வயதில், வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர். வீடு இப்போது இல்லை. நிழற்படமும் ஒன்றுகூட எஞ்சவில்லை. அவருடைய மகள் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அவ்வீட்டைக் கட்ட விரும்பினாள். கிணற்றடியிலிருந்து குசினி எவ்வளவு தூரம் என்று கேட்டோம். தாயார் அடியும் அறியார், மீற்றரும் அறியார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின், “வாளியோடு பதினாலு எட்டு” என்றார். அந்த எட்டு பதினொரு வயதுச் சிறுமியின் எட்டு அல்லவா? மகளுக்கும் இப்போது அதே வயது. அவள் கையில் நீர் நிறைந்த வாளியைக் கொடுத்து நடக்கச் செய்து, எட்டை அளந்தோம். ஐம்பது சென்ரிமீற்றர். பதினான்கு எட்டு ஏழு மீற்றர். மாதிரியில் பதினான்கு சென்ரிமீற்றர். தாயாரின் ஓர் எட்டு அட்டையில் ஒரு சென்ரிமீற்றராக விழுந்தது. மீதி வீட்டையும் அவ்வாறே, மகளின் காலால் அளந்து முடித்தனர். படலையிலிருந்து தலைவாசல் வரை எத்தனை எட்டு என்பது மட்டும் நினைவில் வரவில்லை. அந்த இடம் மாதிரியில் வெறும் அட்டையாகவே விடப்பட்டுள்ளது.

கிணற்றுத் துலாவை மற்றொரு குழு இருபதில் ஒரு பங்கு அளவிற் செய்தது. இங்கு கணிதம் ஒரு வேடிக்கை காட்டியது. நீளம் இருபதில் ஒன்றானால் பரப்பு நானூறில் ஒன்று. கொள்ளளவு எண்ணாயிரத்தில் ஒன்று. பதினாறு லீற்றர் கொள்ளும் பட்டை, மாதிரியில் இரண்டு மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும். தேநீர்க் கரண்டியிலும் அடங்கும். துலா மிதிக்கும் பொம்மை மனிதனை மெல்லிய கடதாசியாற் செய்தபோது அவன் நடந்தும் துலா தாழவில்லை. அவனுக்குள் ஈயக் குண்டு வைத்த பின்னரே நீர் மேலே வந்தது. எமது பாட்டன்மார் புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைக்கத் தம் உடலின் நிறையையே எப்படிப் பயன்படுத்தினர் என்பதைக் கரும்பலகையில் விளக்குவதற்கு இது மேல்.

அக்குழுவிலிருந்த மாணவன் ஒருவன் வேறொரு வினாவும் எழுப்பினான். “இந்தக் கிணற்றில் எல்லாரும் தண்ணீர் அள்ளலாமா?” பெற்றோர் சிலர் முகத்தைத் திருப்பிக் கொண்டனர். விடையை மறைக்க நாம் விரும்பவில்லை. சில கிணறுகளில் சில சாதியினர் அள்ளக்கூடாதென்று தடுக்கப்பட்டனர். வெயிலில் காத்து நின்று, பிறர் வார்த்ததைக் கையேந்திக் குடித்தனர். ஏக்கம் வேலியின் அழகை நினைக்கும். அவ்வேலி யாரை வெளியே நிறுத்தியது என்பதை எளிதில் மறந்துவிடும். கடைப் பெட்டிகளும் அப்படியே. ஸ்பிற்பயர் பெட்டியின் படத்தில் வானம் நீலமாக இருக்கும். எரிந்த நகரம் இராது. மாணவர் தாமே முடிவு செய்து, கிணற்றுக்கட்டுக்குச் சற்று அப்பால், வெறுங்குடத்துடன் நிற்கும் ஒரு பெண்ணின் உருவத்தை ஒட்டியுள்ளனர். சில பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. நாம் அதனை எடுக்கப் போவதில்லை.

அளவு மாதிரிகளில் ஆர்வம் கொண்ட பிள்ளைகளை இன்வலிட் மாளிகையின் மேல்தளத்திலுள்ள நகர மாதிரிகளின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். பதினான்காம் லூயியின் அமைச்சர் லூவுவா 1668 இல் தொடக்கிவைத்த தொகுப்பு அது. பிரான்சின் கோட்டை நகரங்கள் பெரும்பாலும் அறுநூறில் ஒரு பங்கு அளவில், மரத்தாலும் கடதாசியாலும் பட்டாலும் அமைக்கப்பட்டுள்ளன. போர்த் திட்டம் வகுப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை, ஏக்கத்துக்காகச் செய்யப்பட்டவையல்ல. எனினும் இன்று அழிந்துபோன மதில்களையும் தெருக்களையும் அங்கு காணலாம்.

எமது மாதிரிகள் விழா நாளன்று மண்டப வாயிலின் வலப்புறம் வைக்கப்படும். யாழ்தேவி ஓடாது, அதற்கு மோட்டார் பொருத்த நிதி போதவில்லை. சிறுவர்கள் கையாற் தள்ளலாம். அடுத்த ஆண்டுக்குக் கொடிகாமம் புகையிரத நிலையத்தைக் கட்ட எண்ணியுள்ளோம். 1990 இற்கு முன் அங்கு ஏறி இறங்கியோர், மேடையின் உயரம் தம் முழங்காலளவா, இடுப்பளவா, அப்போது தமக்கு எத்தனை வயது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, மேசையிலுள்ள பெட்டியில் இடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.