இரட்டைப் புள்ளியும் நிமிர்ந்த கோடும்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் சென்சார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை விடாமல் அனுப்பும் எண்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைக்கும் மென்பொருள்களில் பெயர்பெற்றது பி.ஐ. சிஸ்டம். கலிஃபோர்னியாவில் 1980இல் பாட்ரிக் கென்னடி தொடங்கிய நிறுவனம் அதை உருவாக்கியது. 2021இல் அந்த நிறுவனத்தை அவீவா என்ற நிறுவனம் வாங்கியது.

அதில் ஒவ்வோர் அளவுக்கும் ‘டேக்’ என்று ஒரு பெயர் உண்டு. டிஐசி-101 என்றால் வெப்பநிலையைக் காட்டிக் கட்டுப்படுத்தும் கருவி என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அது எந்தப் பம்பில் இருக்கிறது? பெயரில் பதில் இல்லை. அதற்காக வந்ததுதான் அஸெட் ஃப்ரேம்வொர்க். யூனிட், அதற்குள் பம்பு என்று கருவிகளைக் கிளைகிளையாக அடுக்கி, அந்தந்தக் கருவியின் அளவுகளை அதனதன் கீழே வைக்கிறது.

முழுப் பாதை இப்படி இருக்கும்:

\\சர்வர்\ஆலை\யூனிட் 1\பம்பு 2|வெப்பநிலை

இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் சர்வரின் பெயர், அடுத்து டேட்டாபேஸ். அதற்குமேல் ஒவ்வொரு சாய்கோடும் ஒரு படி கீழே இறங்கும். நிமிர்ந்த கோடு வந்தால் கருவிகள் முடிந்து அளவு தொடங்குகிறது என்று பொருள். அங்கே சாய்கோட்டைப் போட்டுவிட்டால், பம்புக்குள் ‘வெப்பநிலை’ என்றொரு கருவியைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிழை காட்டும்.

பிழை காட்டினால் நல்லதே. உண்மையான ஆபத்து, பிழையே காட்டாத பாதையில் இருக்கிறது. பம்பு 2க்கு எழுதிய கணக்கை முழுப் பாதையோடு பம்பு 3க்கு நகலெடுத்தால் எண் ஓடும், வரைபடமும் ஒழுங்காக வரும். பம்பு 3 கொதித்துக்கொண்டிருந்தாலும் திரையில் தெரிவது பம்பு 2இன் சூடுதான்!

அதனால்தான் தேர்ந்தவர்கள் நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்கிறார்கள். ஒற்றைப் புள்ளி இதே கருவி. இரட்டைப் புள்ளி ஒரு படி மேலே.

..\வால்வு|திறப்பு

பம்பிலிருந்து யூனிட்டுக்கு ஏறி, அங்குள்ள வால்வுக்கு இறங்கி, அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது இது. பம்பின் எண் இதில் எங்கும் இல்லை. எனவே ஒருமுறை டெம்ப்ளேட் என்னும் பொது வார்ப்பில் எழுதினால், அதே அமைப்புள்ள எல்லா யூனிட்டுக்கும் பொருந்தும்.

அளவு தன் எண்ணை எடுக்கும் டேக்கின் பெயரையும் இப்படி அமைக்கலாம். %எலிமென்ட்% என்று எழுதிய இடத்தில் அந்தந்தக் கருவியின் பெயர் தானாக வந்து உட்காரும். இதற்கு டேக் பெயர்கள் ஒரே சீராக இருக்கவேண்டும். பல ஒப்பந்தக்காரர்கள் பல காலத்தில் கட்டிய ஆலையில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு பம்புக்கும் டேக் பெயரைத் தனி அளவாகவே எழுதிவைத்து, %@டேக்பெயர்% என்று அதைச் சுட்டுகிறார்கள். அந்தப் பெயர்களின் பட்டியலை எக்ஸெலில் தயாரித்து, பி.ஐ. பில்டர் என்ற மென்பொருள் வழியாக மொத்தமாக ஏற்றிவிடலாம்.