ஊசி ஊரில் பிறந்த புல்லட்

தையல் ஊசிக்குப் பேர்போன ஊர், இங்கிலாந்திலுள்ள ரெட்டிச். 'ராயல் என்பீல்ட் புல்லட்' மோட்டார் சைக்கிளும் அங்கே பிறந்ததுதான். 1955-ல் மதராஸ் மோட்டார்ஸுடன் உறவு ஏற்பட்டு, சென்னைக்கும் சொந்தமாயிற்று.

பழைய புல்லட்டின் பின் சக்கரக் குடத்தைப் பிரித்தால், உள்ளே ஆறு ரப்பர் துண்டுகள் இருக்கும். சங்கிலி வெடுக்கென்று இழுக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்பவை அவைதாம் - வீட்டில் இரு தரப்புக் கோபத்தையும் தாங்கிக்கொள்ளும் அம்மாவைப் போல!

திரும்பப் பூட்டும்போது புது ரப்பர் இலேசில் நுழையாது. எண்ணெய் தடவினால் ஊறிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தினால் சமர்த்தாக உட்காரும்.

பேரிங்குக்குக் கிரீஸ் வேண்டியதுதான், ஆனால் அளவோடு. அது கசிந்து பிரேக் ஷூவில் பட்டால், பிரேக் சரியாகப் பிடிக்காது. பின் ஸீட்டில் குழந்தையுடன் உட்காரப் போவது நீங்களல்லவா? வீட்டுக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பிறகு பிரேக்கைத் தொடட்டும்!