முதல் கோழி சாதுவாக இருக்கட்டும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒரு விரிவாக்க அலுவலர் நிகழ்த்திய உரை)



கொல்லையிலே நாலைந்து கோழி வளர்த்தால் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்குமே என்று பல வீடுகளில் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் சந்தைக்குப் போய், கண்ணுக்கு எடுப்பாக நிற்கிற கோழியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது ஓட்டின் மேல் ஏறிக்கொள்ளும். இல்லையென்றால் குழந்தையைக் கொத்தும். அதுவும் இல்லையென்றால் பத்து முட்டையிட்டுவிட்டு மாதக்கணக்கில் சும்மா திரியும். கடைசியில், "நமக்கும் கோழிக்கும் ராசியில்லை" என்று கூட்டைப் பிரித்து விறகாக்கிவிடுகிறார்கள். போட்ட பணமும் போயிற்று, பிள்ளைகளின் முட்டையும் போயிற்று. இதில் ராசிக்கு வேலையே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தக் கோழியை வாங்குவது என்பதுதான் விஷயம்.

எல்லாம் ஒரே கோழியில் கிடைக்காது

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நிறைய முட்டையிடுகிற கோழி அடை காக்காது. நன்றாக அடை காக்கிற கோழி நிறைய முட்டையிடாது. ஏன் தெரியுமா? நம் நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு, மூன்று மாதம் சுற்றும். அவ்வளவு நாளும் முட்டை கிடையாது. இப்படி ஆண்டுக்கு மூன்று, நாலு ஈட்டுக்கு மேல் போகாது. மொத்தத்தில் 60 முட்டையோ 80 முட்டையோதான். அதிக முட்டைக்கென்று உருவாக்கிய இனங்களிலே இந்த அடைக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள்.

ஆகவே, "எனக்கு என்ன வேண்டும், முட்டையா, குஞ்சா, கறியா?" என்று வீட்டிலே உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் பிறகு சந்தைக்குப் போங்கள்.

எந்த இனம்?

ஒயிட் லெகார்ன் என்கிற வெள்ளைக்கோழியைப் பலரும் கேட்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளிலே இந்த வழியில் வந்த கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகின்றனவே, ஒன்று வாங்கினால் என்ன என்பார்கள். அது கூண்டிலே, நிறுத்துத் தருகிற தீவனத்திலே இடுகிற முட்டை. கொல்லையில் விட்டால் அந்த எண்ணிக்கை வராது. தவிர, அது மிரளும் ஜாதி. தட்டு கீழே விழுந்தால்கூடப் படபடவென்று பறந்து வேலியில் மோதிக்கொள்ளும். வெள்ளை நிறம் பருந்தின் கண்ணிலும் சட்டென்று படும்.

அசில், பெருவிடை வகைகள் கம்பீரமானவை. கறிக்கும் விலை போகும். ஆனால் சண்டைக்கென்றே வளர்த்த ரத்தம். சேவல் மட்டுமல்ல, பெட்டையும் மற்றக் கோழிகளைத் துரத்தும். முட்டையும் குறைவு. சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டுக்கு முதல் கோழியாக இது வேண்டாம்.

கருங்கோழி என்கிற கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது. 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு அதன் பேர் ஊரெல்லாம் பரவிவிட்டது. கறிக்கு விலை அதிகம். ஆனால் முட்டைக்காக வளர்ப்பவர்கள் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புழக்கடை வளர்ப்புக்கென்றே வனராஜா, கிராமப்பிரியா என்று இரண்டு ரகங்களைத் தந்திருக்கிறது. வனராஜா கனத்த உடம்பு, நிதானமான நடை. கறிக்கும் ஆகும், முட்டைக்கும் ஆகும். கொல்லையிலே ஆண்டுக்கு 100, 120 முட்டை எதிர்பார்க்கலாம். கனத்த கோழியாதலால் நாய், கீரி வந்தால் தப்பி ஓடத் தெரியாது. நல்ல வேலி வேண்டும். தீனியை அள்ளிக் கொட்டினால் கொழுத்துப்போய் முட்டை குறைந்துவிடும். கிராமப்பிரியா சற்று இலேசான கோழி. முட்டைதான் முக்கியம் என்பவர்களுக்கு ஏற்றது. நன்றாகக் கவனித்தால் 150-ஐத் தாண்டும். நம் சென்னை நந்தனத்திலே உருவான நந்தனம் கோழியும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான். அது ரோட் ஐலண்ட் சிவப்பு என்கிற சாதுவான அமெரிக்க இனத்தின் வழி வந்தது. இந்த ரகங்களின் முட்டை ஓடு பழுப்பாக இருக்கும். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. அதனால் சத்து கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

எத்தனை கோழி?

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 150 முட்டையிடும் பெட்டை ஐந்து இருந்தால் 750 முட்டை. சராசரியாக நாளுக்கு இரண்டு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போதுமே! இவற்றோடு நம் ஊர்ச் சிறுவிடைப் பெட்டை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன உடம்பு, ஆனால் அடை காப்பதிலும் குஞ்சு காப்பதிலும் அதற்கு நிகர் கிடையாது. குஞ்சு வேண்டும்போது, சேவல் உள்ள வீட்டில் நல்ல நாட்டுக்கோழி முட்டை வாங்கி அதன் அடியில் வைக்கலாம். வனராஜா, கிராமப்பிரியா முட்டையைப் பொரிக்க வைத்தால் குஞ்சு தாயைப் போல் இடாது. அதற்குப் புதுக்குஞ்சு வாங்குவதே சரி.

முதல் வருடம் சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காதே தவிர, தின்பதற்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் மேல் முள்ளைத் தூக்கிப் பாய்வது பெரும்பாலும் சேவல்தான். கோழி கொத்துகிற உயரத்திலேதான் குழந்தையின் முகமும் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

சாதுவா, சீக்கா?

ஒரு நாள் குஞ்சு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு மூன்று, நாலு வாரம் விளக்கு வைத்துச் சூடு தரவேண்டும். புதியவர்கள் எட்டு, பத்து வாரம் வளர்ந்த, தடுப்பூசி போட்ட பெட்டைகளாக வாங்குங்கள். அந்த வயதில் சேவலுக்குக் கொண்டை பெரிதாகிச் சிவந்திருக்கும்; பார்த்தாலே தெரியும்.

வாங்கும்போது சற்றுத் தள்ளிக் குந்தி, ஒரு கை தானியம் போடுங்கள். தைரியமாகக் கிட்டே வந்து பொறுக்குவதைப் பாருங்கள். அதை இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் கொஞ்சம் திமிறிவிட்டு அடங்கவேண்டும். அதுதான் சாதுக்கோழி. ஆனால், இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி, மூலையிலே தனியாக நிற்கிறதே, அதைச் சாது என்று நினைத்துவிடாதீர்கள்! அது சீக்குக்கோழி. கண் பளிச்சென்று, மூக்கு ஒழுகாமல், ஆசனவாய்ப் பக்கம் எச்சம் ஒட்டாமல் இருக்கவேண்டும்.

இனம் பாதி என்றால் பழக்கம் பாதி. தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கூப்பிட்டுத் தீனி போடுங்கள். துரத்திப் பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இருட்டிய பிறகு கூட்டிலிருந்து எடுத்தால் எந்தக் கோழியும் அடங்கி வரும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் பழகட்டும்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள்

எவ்வளவு நல்ல இனமானாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் இரண்டே நாளில் கூடு காலியாகிவிடும். இதைத்தான் ராணிக்கெட் நோய் என்கிறார்கள். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான். முதல் வாரத்திலும் நாலாவது வாரத்திலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. விற்பவரிடம் எதெது போட்டது என்று கேளுங்கள். விட்டுப்போனதைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்த கோழியை இரண்டு வாரமாவது தனியாக அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய கோழிகளோடு சேருங்கள்.

மேய்ச்சலுக்குப் பின் மாலையில் ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி கம்போ, சோளமோ, குருணையோ போடலாம். கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும், தனிச்சட்டியில் கிளிஞ்சல் தூளும் வைத்தால் முட்டை ஓடு கெட்டியாக இருக்கும்.

ஆக, ஐந்து சாதுவான முட்டைக்கோழி, அடைக்கு ஒரு சிறுவிடை, நல்ல வேலி, தவறாத தடுப்பூசி. ஒரு வருடம் இப்படி வளர்த்துப் பாருங்கள். அதன் பிறகு சேவலும் சேர்க்கலாம், பெருவிடையும் வளர்க்கலாம். அப்போது கோழியைப் பற்றி உங்களுக்கே நிறையத் தெரிந்திருக்கும்.