பீரோவில் குடியேறிய ஸ்நோ ஒயிட்

உங்கள் வீட்டுக் குழந்தை ஒரே பொம்மைப் படத்தை நாற்பது தடவை பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவை!" என்று அடம் பிடிக்கிறதா? கோபித்துக் கொள்ளாதீர்கள். அந்த அடம்தான் ஒரு பெரிய வியாபாரத்தையே வளர்த்தது!

வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' 1937-ல் வெளிவந்தது. பிறகு சில வருஷங்களுக்கு ஒரு முறை அதை மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு வருவார்கள். அதற்குள் புதிய குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள் அல்லவா? வீடியோ காஸெட் வந்ததும் டிஸ்னி கம்பெனியார் தயங்கியது இதனால்தான். படத்தையே விற்றுவிட்டால் அப்புறம் தியேட்டருக்கு யார் வருவார்கள்?

1985-ல் துணிந்து 'பினோக்கியோ'வை விற்றார்கள். விலை ஏறக்குறைய 80 டாலர்! 1987-ல் 'லேடி அண்ட் த டிராம்ப்' சுமார் 30 டாலருக்கு வந்ததும் ஜனங்கள் லட்சக் கணக்கில் வாங்கினார்கள். 1994-ல் 'ஸ்நோ ஒயிட்'டே காஸெட்டாயிற்று. மறு வருஷம் 'லயன் கிங்' காஸெட் வந்து, 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

தோற்ற படத்துக்கும் மறுபிறவி கிடைத்தது. 1999-ல் வசூலில் படுத்துவிட்ட 'அயர்ன் ஜயண்ட்', வீட்டில் பார்த்தவர்களின் அன்பினால் 2015-ல் மீண்டும் தியேட்டர் ஏறியது!

இன்று சந்தா கட்டினால் இணையத்தில் எல்லாம் கிடைக்கும் என்கிறோம். ஆனால் 2022-ல் எச்.பி.ஓ. மேக்ஸ், 'இன்ஃபினிட்டி டிரெயின்' என்ற சித்திரத் தொடரைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. சந்தாதாரர் என்ன செய்ய முடியும்?

ஆகவே, பழைய டிஸ்க்குகளைக் காயலான் கடைக்குப் போடுமுன் சற்று யோசியுங்கள். நாளைக்குப் பேரன் அடம் பிடிக்கும்போது, உங்கள் பீரோவில் இருப்பதை யாரும் எடுத்துப் போக முடியாது!